வீரிய ஒட்டு வண்டி: வாங்கியவர் சொல்லும் வரவு செலவு

வீரிய ஒட்டு என்றால் நம் விவசாயிகளுக்குச் சோளமும் கம்பும் பருத்தியும்தான் நினைவுக்கு வரும். 1964-ல் சி.எஸ்.எச். 1 என்ற முதல் வீரிய ஒட்டுச் சோளம் நம் நாட்டில் வெளிவந்த நாளிலிருந்து இந்தச் சொல் கிராமத்துக்குப் பழக்கம். இன்று அதே சொல் 'ஹைபிரிட்' என்ற பெயரில் மோட்டார் கார்களின் பின்புறத்தில் ஒட்டப்பட்டு வருகிறது. பெட்ரோல் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஒன்றாகச் சேர்த்த வண்டிக்கு இந்தப் பெயர். அவற்றில் சில நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். மண் பாதையிலும் மேடு பள்ளத்திலும் போகும் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்று 2023-ம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து என்னிடம் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள் பலர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாமும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லுவதைவிட, பட்ட அனுபவத்தை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பணம் வந்த வழி

எனக்குக் குடியிருப்பு திருவொற்றியூர். வேலை ஒரு கன்டெய்னர் கிடங்கில். மீஞ்சூரை அடுத்து அப்பா காலத்து நிலம் மூன்றரை ஏக்கர் இருந்தது. எங்கள் பகுதிக் கிணறுகளின் கதை பலருக்கும் தெரியும். சென்னை நகருக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்து நிலத்தடி நீர் பல ஆண்டுகள் இறைக்கப்பட்டது. நல்ல நீர் இறங்க இறங்க, அந்த இடத்தில் கடல் நீர் உள்ளே ஏறியது. 1960-களின் இறுதியிலேயே இது கண்டறியப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் நகருக்கே நீர் கொடுத்த மீஞ்சூரின் பெயரில், கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் அளவில் கட்டப்பட்ட நிலையம் அது.

எங்கள் கிணறும் உப்பாயிற்று. சாலையோரமாக இருந்த ஒன்றரை ஏக்கரை 2022-ல் கன்டெய்னர் அடுக்கும் இடத்துக்காக விற்றோம். தங்கையின் பங்கைக் கொடுத்தது போக மீதியில் பெரும்பகுதியும், வங்கியில் 6 லட்சம் கடனும் சேர்ந்து வண்டியாயிற்று. இப்போது மிச்சம் இருப்பது இரண்டு ஏக்கர்.

வண்டி செய்யும் ஊர்

வடசென்னைக்கு வண்டி புதிதல்ல. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டி விற்றது. பின்னர் 1955-ல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் பெற்றது. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தொழிற்சாலை உருவாயிற்று. 2001-ல் இயங்கத் தொடங்கி 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறிய எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து இன்று கார்கள் கப்பல் ஏறுகின்றன. புதுக் கார்களை வரிசையாகப் பார்த்துப் பார்த்து எங்கள் ஊரில் எல்லோருக்குமே ஓர் ஆசை உண்டு. எனக்கும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டு வகை ஒட்டு

நான் வாங்கியது மாருதி சுசூகி நிறுவனத்தின் கிராண்ட் விட்டாரா. இந்த வண்டி 2022 செப்டம்பரில் அறிமுகமாயிற்று. இதில் இரண்டு வகை ஹைபிரிட் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதை வாங்குவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை முழு ஹைபிரிட். மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு தனியாக மின்சார மோட்டாரும், ஓரளவு பெரிய பாட்டரியும் இருக்கும். மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்றுவிடும். மோட்டார் மட்டுமே வண்டியை இழுக்கும். வீட்டில் செருகி மின்னேற்றம் செய்ய வேண்டியதில்லை. எஞ்சினும் பிரேக்கும் பாட்டரியை நிரப்பிக்கொள்ளும். லிட்டருக்கு 27.97 கி.மீ. என்பது சோதனை அளவு. ஆனால் இந்த வகையில் முன் சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கும்.

இரண்டாவது, சிறு ஹைபிரிட். நான்கு சிலிண்டர் எஞ்சினோடு பெல்ட்டில் ஒரு சிறிய மோட்டார் பூட்டியிருப்பார்கள். அதுவே ஸ்டார்ட்டர், அதுவே டைனமோ. தனியாக வண்டியை இழுக்க அதனால் முடியாது. எஞ்சின் திணறும்போது ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். நான்கு சக்கரமும் இழுக்கும் ஏற்பாடு இந்த வகையோடுதான் கிடைக்கிறது. என் வண்டி இதுதான். கையால் கியர் போடும் இந்த மாடலுக்குச் சோதனை அளவு லிட்டருக்கு 19.38 கி.மீ.

ஆக, அதிக மைலேஜும் வேண்டும், நான்கு சக்கர இழுவையும் வேண்டும் என்றால் இந்த ஒரே வண்டியில் இரண்டும் கிடைக்காது. எது நமக்குத் தேவை என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

பிரேக் பிடித்தால் பாட்டரி நிறைவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். மேல்வயலில் வழியும் நீரை வாய்க்காலில் விட்டு வீணாக்காமல் கீழ்வயலுக்குத் திருப்புகிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இது. சாதாரண வண்டியில் பிரேக் பிடித்தால் ஓட்டத்தின் வேகம் முழுவதும் சூடாகிக் காற்றில் போய்விடும். ஹைபிரிட் வண்டி அதில் ஒரு பங்கைப் பிடித்து மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. அடுத்த முறை வண்டி புறப்படும்போது அது உதவுகிறது. புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. வீணாவதில் கொஞ்சத்தை மீட்கிறது.

சாலையில் எப்படி?

திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர், வல்லூர் வழியாக மீஞ்சூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி நகர்வது. இங்கே என் வண்டியின் எஞ்சின் தானாக நின்றுகொள்கிறது. கிளட்சை மிதித்ததும் சத்தமின்றி உயிர் பெறுகிறது. நிற்கும் நேரத்தில் பெட்ரோல் எரிவதில்லை. ஆனாலும் நெரிசல் மிகுந்த நாளில் சோதனை அளவு மைலேஜ் வராது. எந்த வண்டிக்கும் வராது.

உடன் வேலை செய்யும் நண்பரிடம் முழு ஹைபிரிட் இருக்கிறது. ஒரு நாள் விடியற்காலையில் ராயபுரத்திலிருந்து அதை ஓட்டி வந்தேன். காசிமேடு மீன் சந்தை நெரிசலில் வண்டி மோட்டாரிலேயே ஊர்ந்தது. எஞ்சின் சத்தம் துளியும் இல்லை. கூடை சுமந்த ஓர் அம்மா வண்டி பின்னால் வந்ததே தெரியாமல் திடுக்கிட்டுத் திரும்பி, "சத்தமே இல்லாம வந்து நிக்கிறியே நைனா!" என்றார். ஆடு மாடும் குழந்தைகளும் நடமாடும் கிராமத் தெருவில் இந்த வண்டியை மிக நிதானமாக ஓட்ட வேண்டும். நம் ஜனங்கள் கண்ணைவிடக் காதை நம்பித்தான் வழி விடுகிறார்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு செய்தி. இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுப்பது. ஆகவே நாம் விளைவிப்பதில் ஒரு பகுதி காரின் டாங்கிக்கும் போய்ச் சேருகிறது.

மண் பாதையில் எப்படி?

காய்ந்த மண் பாதையில் வண்டி அருமையாகப் போகிறது. அடிப்பாகம் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர், அதாவது சுமார் எட்டு அங்குல உயரத்தில் இருக்கிறது. வண்டித் தடத்தின் நடுமேடு இடிப்பதில்லை. இலேசான ஈரத்தில் பின் சக்கரங்களும் சேர்ந்து தள்ளுவது நன்றாகத் தெரிகிறது. நான்கு சக்கரமும் விடாமல் இழுக்க 'லாக்' என்று ஓர் இடத்தில் திருகியை வைக்கலாம்.

ஆனால் களிமண் சேறு வேறு விஷயம். அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லுகிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் அடித்தது. வடசென்னை முழுவதும் வெள்ளக்காடு. என் இரண்டு ஏக்கரிலும் பி.பி.டி. 5204 நெல் கதிர் வெளிவரும் தருணம். கதிர் வரும் நேரத்தில் நீர் மூழ்கி நின்றால் மகசூல் போய்விடும் என்பது யாருக்கும் தெரிந்தது. சாலையில் தண்ணீர் வடிந்ததும், 8-ம் தேதி காலை 3 குதிரைத்திறன் பம்புசெட்டை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். "இதற்காகத்தானே நாலு சக்கர இழுவை வாங்கினோம்" என்ற தைரியம்.

தார்ச் சாலையை விட்டு இறங்கி ஏரிக்கரைப் பாதையில் இருநூறு அடி போயிருப்பேன். வண்டி நின்றது. 'லாக்' போட்டு மேலும் மிதித்தேன். நான்கு சக்கரமும் சுழன்றன. வண்டி முன்னால் போவதற்குப் பதிலாகக் கீழே போயிற்று. கடைசியில் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்தது.

பக்கத்து நிலத்துப் பெரியவர் கரையில் நின்று சிறிது நேரம் பார்த்தார்.

"தம்பி, நாலு சக்கரமும் சுத்துது. நல்லாத்தான் சுத்துது. ஆனா நாலும் ஒரே எடத்துல சுத்துதே!"

"என்ன பெரியப்பா செய்யலாம்?"

"மொதல்ல மிதிக்கிறத நிறுத்து. பொழுது சாயறதுக்குள்ள டிராக்டர் வந்தா பாப்போம்."

அன்று ஊரில் எல்லா டிராக்டருக்கும் வேலை இருந்தது. மறுநாள் காலைதான் ஒன்று கிடைத்தது. அது முதலில் பம்புசெட்டைக் களத்துக்குக் கொண்டுபோயிற்று. பிறகுதான் வண்டியை இழுத்தது. அந்த ஆண்டு தாழ்வான அரை ஏக்கரில் பெரும்பகுதி பதராயிற்று. ஒரு நாள் தாமதம்தான் முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன், நான்கு நாள் தண்ணீர் முன்பே நின்றிருந்தது. ஆனால் காலையிலேயே டிராக்டருக்குச் சொல்லியிருந்தால் ஒரு நாளாவது மிஞ்சியிருக்கும். அந்தத் தவறு என்னுடையது. வண்டியைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

காரணம் என்னவென்று பிறகு விளங்கிற்று. இந்த வகை வண்டியின் டயர்கள் சாலைக்காகச் செய்தவை. களிமண் பட்டைகளுக்கு நடுவே அப்பிக்கொண்டால் டயர் வழுக்குருண்டையாகிவிடும். மேலும் டிராக்டரிலும் ஜீப் வகைகளிலும் உள்ளதுபோல் மெதுவாக, பலமாக இழுக்கும் தனிக் கியர் இதில் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போவது ஒன்று, பிடிமானம் கிடைப்பது வேறொன்று.

சேற்றில் ஓட்டுவோர் கவனிக்க

1. பாதை தெரியாவிட்டால் முதலில் இறங்கி நடந்து பார்க்கவும். கால் கணுக்கால் வரை இறங்கும் இடத்தில் காரை இறக்கக் கூடாது.

2. ஈர இடத்துக்குள் நுழையும் முன்பே 'லாக்' போட வேண்டும். சிக்கிய பிறகு போடுவதில் பயன் குறைவு.

3. ஒரே சீரான வேகத்தில் போகவும். நடுவில் நிறுத்துவதோ, திடீரென்று மிதிப்பதோ கூடாது.

4. சக்கரம் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுக்கவும். சக்கரத்தின் முன்னால் மண்ணைத் தோண்டி, வைக்கோல், தென்னை மட்டை அல்லது ஈரச் சாக்கை வைத்து மெல்ல நகர்த்திப் பார்க்கலாம்.

5. தேங்கிய நீரின் ஆழம் சக்கரத்தின் பாதியை எட்டினால் திரும்பிவிட வேண்டும். காற்றை இழுக்கும் குழாய் வழியே எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் செலவு தாங்காது. ஓடும் வெள்ளத்தில் அதைவிடக் குறைந்த ஆழமும் ஆபத்து.

6. இழுக்கும் கொக்கியை எங்கே பூட்டுவது என்று வாங்கிய அன்றே கேட்டு வைத்துக்கொள்ளவும். கண்ட இடத்தில் கயிறு கட்டினால் தகடு பிய்ந்துவிடும்.

உப்பின் வேலை

எண்ணூர் விரைவுச் சாலையில் கடல் பக்கத்திலேயே பாறைக் கரை. காற்று பலமான நாளில் அலைத்தூறல் சாலையில் விழும். உப்புக் காற்று எந்த இரும்பையும் விடாது. ஆகவே வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவ வேண்டும். வயலுக்குப் போன வண்டியை அங்கேயே கிணற்றடியில் கழுவுவது என் வழக்கம். ஒரு நாள் காய்ந்த தகட்டின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தேன். உப்பு! உப்பைக் கழுவ உப்பு நீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் வெட்கமாக இருந்தது. வண்டித் தகட்டுக்காக இவ்வளவு கவலைப்படுகிறவன், அதே நீரைப் பயிருக்குப் பாய்ச்சி வந்தேன். ஆறு ஆண்டுகளாக அந்த நீரைப் பரிசோதிக்கவே இல்லை. மறு வாரமே மண் மாதிரியும் நீர் மாதிரியும் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முடிவைப் பார்த்த பிறகு நவரைக்குக் கிணற்று நீர் இறைப்பதை நிறுத்திவிட்டேன். ஏரி நீரையும் மழையையும் நம்பிச் சம்பா ஒரு போகம் மட்டும். மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி நல்ல நீரை வயலில் தேக்கி, பிறகு வடித்துவிடுகிறேன். மழை நீர் மண்ணின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி இறக்கும். திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகளுக்குத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. உப்பு நிலத்துக்கு ஏற்ற ரகம் எது என்று விதை வாங்கும் முன் அங்கே கேட்பது நல்லது.

வரவு செலவு

இப்போது கணக்கு. வண்டியின் அடக்க விலை அறிமுகத்தின்போது 16 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய். சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து எனக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஆயிற்று. 6 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 12,455 ரூபாய். ஆண்டுக்கு 1 லட்சத்து 49 ஆயிரத்துச் சொச்சம்.

நெல்லைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய். என் நிலத்தில் ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் 50,900 ரூபாய். செலவு 30,000 போக மிச்சம் 20,900. இரண்டு ஏக்கருக்கு 41,800. ஆக, வண்டிக்கு ஓராண்டு கட்டும் தவணைக்கு என் நிலம் மூன்றரை ஆண்டுக்கு மேல் விளைய வேண்டும். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் இந்தக் கணக்கில் சேரவில்லை. தவணை கட்டுவது கிடங்குச் சம்பளம். நிலம் கட்டவில்லை.

வரியையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமான இந்த வகைக் கார்களுக்கு வரி 40 சதவீதம். எது உழவுக் கருவி, எது சொகுசு என்று சர்க்காரே பிரித்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்து மறுபோகம் விதைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும். ஹைபிரிட் வண்டியும் அந்த ஜாதிதான். ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் நம்மூர் மெக்கானிக் இதன் பாட்டரியிலும் மின் இணைப்புகளிலும் கை வைக்கக் கூடாது. குறிப்பாக முழு ஹைபிரிட்டில் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. கம்பெனி பணிமனைக்கே போக வேண்டும். முழு ஹைபிரிட் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கி.மீ. உத்தரவாதம் கொடுக்கிறார்கள். பழைய வண்டி வாங்குவோர் அந்தக் காலம் எவ்வளவு மீதி என்று பார்த்து வாங்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

நான் வண்டியை வெறுக்கவில்லை. இரவுப் பணி முடிந்து வரும்போதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும், குண்டும் குழியுமான சாலையில் உடம்பு அலுக்காமல் வந்து சேருவதற்கு இது நல்ல துணை. தினமும் தொலைதூரம் போக வேண்டியவர், மாதச் சம்பளமோ வேறு நிலையான வருமானமோ உள்ளவர் தாராளமாக வாங்கலாம். நெரிசலில் ஓட்டுபவர் முழு ஹைபிரிட்டையும், மழையில் மண் பாதை தவிர்க்க முடியாதவர் நான்கு சக்கர இழுவையையும் பார்க்கலாம்.

ஆனால் விவசாய வேலைக்கு என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம். மூட்டை ஏற்ற, எருவடிக்க, சேற்றில் இறங்க இது ஆகாது. டிராக்டரும் மற்ற இயந்திரங்களும் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கின்றன. உழவன் செயலி மூலமே பதிவு செய்யலாம். சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் முழு மானியமும் உண்டு. கைப்பணம் இருந்தால் முதலில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

சென்ற அறுவடையின்போது அதே பெரியவர் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இது எத்தனை வருஷம் ஓடும் தம்பி?"

"பதினஞ்சு வருஷத்துக்குப் பதிவு இருக்கு பெரியப்பா."

"அந்த ஒன்றரை ஏக்கர உங்க தாத்தா எப்ப வாங்கினாரு?"

"தெரியாது பெரியப்பா. அப்பாவுக்கே தெரியாது."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சாலை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்களிடம் தரகர்கள் இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், வரும் பணத்தில் முதல் பங்கை மிச்ச நிலத்தின் மண்ணுக்கும் நீருக்கும் ஒதுக்கி வையுங்கள். வண்டிக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். நான் அந்த வரிசையை மாற்றிச் செய்தவன்.